ராக்கம்மாவுக்குக் கொள்ளி வைத்தவன்

சாந்தகுமாருக்கு இரக்க சுபாவம். அதுதான் அவனுக்குக் கெட்ட காலமாய் வந்தது. கொட்டாஞ்சேனைச் சந்துக்குள் வாடகைக்கு வந்து பத்து வருடமாகியும் அவனை எல்லோரும் 'யாழ்ப்பாணத்தான்' என்றுதான் சொன்னார்கள். அக்கம்பக்கத்துப் பிள்ளைகளைத் தன் வான் வண்டியில் வெள்ளவத்தைப் பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுபோய் இறக்கிவிட்டு, தானுண்டு தன் வேலையுண்டு என்று இருந்தவன். எந்தப் பாதாளக் கும்பலில் எவன் இருக்கிறான் என்பது அந்தச் சந்தில் பால்குடிப் பிள்ளைக்கும் தெரியும். அவன் மட்டும் காதைப் பொத்திக்கொண்டான்.

அடுத்த வீட்டு ராக்கம்மா செத்தபோது கொள்ளி வைக்க ஆளில்லை. மூத்த மகன் மூர்த்தி துபாயில் ஒளிந்திருந்துகொண்டு கொட்டாஞ்சேனையை ஆட்டிவைப்பவன்; வந்தால் விமான நிலையத்திலேயே பிடிபடுவான். இளையவன் கொலை வழக்கில் விளக்கமறியல் சிறையில் இருந்தான், அவனுக்கும் வர அனுமதி கிடைக்கவில்லை. மூர்த்தியின் பொடியன்கள் வாசல் நிறைய நின்றார்கள். ஒருவனும் முன்வரவில்லை. தாய் தகப்பன் உயிரோடு இருக்கிறவன் கொள்ளி வைக்கக் கூடாது என்று ஆளுக்கொரு சாட்டுச் சொன்னார்கள். மனிதனைச் சுடக் கூச்சப்படாதவர்களுக்குச் சாத்திரம் மட்டும் தப்பக் கூடாதாம்.

சாந்தகுமாருக்குத் தாயும் இல்லை, தகப்பனும் இல்லை. மனைவி யதுஷா பிள்ளை பெற்றுக் கிடந்த மாதம் முழுக்கப் பத்தியக் கறி காய்ச்சிக் கொண்டுவந்து கொடுத்த மனுஷி, அனாதைப் பிணமாகப் போவதா? "நான் வைக்கிறன்," என்று சொல்லிவிட்டான்.

மாதம்பிட்டி மயானத்தில் அவன் கொள்ளிக்குடத்தோடு பிணத்தைச் சுற்றியதை ஒருவன் போனில் துபாய்க்குக் காட்டிக்கொண்டிருந்தான். எல்லாம் முடிந்ததும் அந்தப் போனைச் சாந்தகுமாரின் கையில் கொடுத்தார்கள். திரையில் மூர்த்தி அழுதுகொண்டிருந்தான்.

"எங்கம்மாவுக்கு நீ புள்ளயாயிட்ட. அப்ப எனக்கு நீ யாரு? சொல்லு."

"அண்ணை, நான் சும்மா பக்கத்து வீட்டு..."

"கூடப்பொறந்தவன்," என்றான் மூர்த்தி.

அன்றிலிருந்து யாழ்ப்பாணத்தான் என்ற பேச்சே இல்லை. 'மூர்த்தி அண்ணனோட தம்பி' ஆகிவிட்டான். வானை நிறுத்தவிடாமல் தினமும் மல்லுக்கு நின்ற கடைக்காரன் 'அய்யே, அய்யே' என்று சிங்களத்தில் அண்ணன் முறை சொல்லிக் குழைந்து இடம் விட்டான். வீட்டுக்காரர் வாடகையைக் கூட்டும் கதையை மறந்தே போனார். சாந்தகுமாருக்கு அது உள்ளூரப் பிடித்திருந்தது. எவனுக்குத்தான் பிடிக்காது? யதுஷாதான் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

"வீட்டை மாத்துவம். பாமன்கடைப் பக்கம் ஏதும் பாப்பம்," என்றாள்.

"அந்திரட்டி முடியட்டும்," என்றான் அவன். கொள்ளி வைத்தவன் முப்பத்தோராம் நாள் சடங்கைச் செய்யாமல் இடையில் போவது எப்படி?

அதற்குள் ஒரு பின்னேரம் மூர்த்தி அழைத்தான். சடங்குக்கு என்னென்ன வேண்டும், ஐயருக்குச் சொல்லியாயிற்றா என்றெல்லாம் விசாரித்துவிட்டுக் கேட்டான்:

"ஒன் வான்ல அம்னான்னு ஒரு புள்ள வருதில்ல? நாளைக்குக் காலையில அத யாரு கீழ கூட்டிட்டு வருவாங்க?"

ஏன் கேட்கிறான் என்று சாந்தகுமாருக்குப் புரிந்தது. மாடி வீட்டு அம்னாவின் தகப்பன் நப்ரீஸ் பேலியகொடையில் மீன் வியாபாரி. அங்கே நடந்த கொலையைக் கண்ணால் கண்டவன். அடுத்த மாதம் மூர்த்தியின் தம்பிக்கு எதிராகச் சாட்சி சொல்ல இருந்தவன்.

"தாய்தான் வாறவ," என்றான்.

மூர்த்தி சிரித்தான். "இன்னைக்குக் காலையில அதோட அப்பன் கேட்டடியில நின்ன போட்டோ எங்கிட்ட இருக்கு. தெரியாம ஒங்கிட்ட கேக்கல தம்பி. ஒன் வாயால கேக்கணும். வெளியாளுன்னா விட்டுருவேன். நீ குடும்பம்." பிறகு, "யதுஷாவும் கொழந்தையும் சொகமா?" என்றான்.

ஏற்கெனவே தெரிந்த ஒன்றை ஒருவன் வாயால் சொல்லவைப்பதுதான் அவர்கள் ஆள் சேர்க்கிற முறை. சொன்னவன் பிறகு பொலிஸ் வாசலை மிதிக்க முடியாது.

"நப்ரீஸ்தான்," என்றான் சாந்தகுமார். "நான் ஹோர்ன் அடிச்சாப் பிள்ளையோட இறங்கி வருவார்."

சொன்ன பிறகுதான் அவனுக்கு ஒரு வழி தோன்றியது. ஹோர்ன் அடித்தால்தானே இறங்குவான்? வான் ஓடாத நாளில் பிள்ளைகள் வீட்டில் நின்றுவிடுவதுதான் வழக்கம். விடிந்ததும் எல்லாப் பெற்றோருக்கும் 'வான் பழுது, இண்டைக்கு வராது' என்று செய்தி அனுப்பினான். இப்போதே சொன்னால் மூர்த்திக்குத் தெரிந்துவிடும்; இன்றைக்குத் தப்பினால் பிறகு நப்ரீஸின் காதில் எப்படியாவது போட்டுவிடலாம் என்று நினைத்தான். அன்று தவணைப் பரீட்சை தொடங்குகிறது என்பதைப் பயத்தில் மறந்துபோனான்.

பரீட்சையைத் தவறவிட எந்தத் தகப்பன் சம்மதிப்பான்? நப்ரீஸ் மோட்டார் சைக்கிளை எடுத்துக்கொண்டு கேட்டடிக்கு வந்தான். மகள் மேலே சப்பாத்து மாட்டிக்கொண்டிருந்தாள். துப்பாக்கி வெடித்த சத்தம் சாந்தகுமாரின் வீடுவரைக்கும் கேட்டது. வான் சாவியைக் கையில் பிடித்தபடியே அவன் நிலத்தில் குந்திவிட்டான்.

பின்னேரம் மூர்த்தி அழைத்தான். "வான் பழுதுன்னு சொல்லி அவனத் தனியா எறக்குன பாரு, அது வேல! சின்னப் புள்ளைக்கு ஒண்ணும் ஆகல. யாரும் ஒனக்குச் சொல்லித் தரல. நம்ம ரத்தம்டா நீ."

கணவன் செத்ததால் இத்தா என்னும் துக்கக் காப்பில் இருந்த நப்ரீஸின் மனைவி றமீலா வெளி ஆண்கள் யாருக்கும் முகம் காட்டவில்லை. அடுத்த கிழமை போனில்தான் கதைத்தாள்.

"அண்ணன், அன்டைக்கு உங்கட வான் பழுதானது அல்லாட காவல். வந்திருந்தா புள்ளயும் வாப்பாவோட கேட்டடில நின்டிருப்பா. திங்கக்கெழம இருந்து அவவ ஸ்கூலுக்கு அனுப்பப் போறன். கேட்டடிக்கு எறங்கப் பயப்புடுறா. நீங்களே மேல வந்து கையப் புடிச்சுக் கூட்டிட்டுப் போங்க. வேற யாரையும் எனக்கு நம்ப ஏலா."

"ஓம் தங்கச்சி," என்றான் சாந்தகுமார்.

திங்கட்கிழமை படியேறிப் போனான். அம்னா புத்தகப்பையை அவனிடம் கொடுத்துவிட்டு, அவன் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.