மறுபடியும் மணி அடிக்கும் என்று

சுவரில் அறைந்திருந்த தேக்குப் பெட்டி அது. மேலே இரண்டு பித்தளை மணிகள், முன்னால் பேசுவதற்குக் குவளை போல ஒன்று, வலப்பக்கம் சுழற்ற ஒரு கைப்பிடி, இடப்பக்கம் ஒரு கொக்கி. காதில் வைத்துக் கேட்கும் கறுப்புக் குழாய் அந்தக் கொக்கியில் தொங்கும். குழாயை எடுத்தால் கொக்கி மேலே எழும்பும், பேசலாம். திரும்ப மாட்டினால் கீழே இறங்கும், பேச்சு அறுந்துவிடும். அந்தக் காலத்துத் தொலைபேசியைப் பற்றி ஒரு மனிதர் தெரிந்துகொள்ள வேண்டியது கிட்டத்தட்ட இவ்வளவுதான். இதைச் சொல்லிக்கொடுக்க எனக்கு அரை நிமிடம்கூட ஆகியிருக்காது. நான் சொல்லிக்கொடுக்கவில்லை. அதைப் பற்றித்தான் எழுதப் போகிறேன்.

மலாயாவில் ஜப்பான்காரன் காலம். காஜா பெராங் சாலையில், வெள்ளைக்காரர் ஒருவர் போட்டது போட்டபடி விட்டுவிட்டு ஓடிய பங்களாவில் எங்கள் அரிசிப் பங்கீட்டு ஆபீஸ் நடந்தது. பங்கிட அரிசி இருந்த நாட்கள் குறைவு. ஆபீஸ் மட்டும் தவறாமல் நடந்தது. நான் அங்கே சின்னக் கிராணி, அதாவது இளைய குமாஸ்தா. பத்தொன்பது வயது. இங்கிலீஷ் பள்ளிக்கூடத்துப் படிப்போடு மூன்று மாதம் ஜப்பானிய மொழி வகுப்புக்கும் போய் வந்திருந்தேன். தலையில் கொம்பு முளைக்க அது போதாதா? தொலைபேசியை எடுத்து, 'ஹலோ'வுக்குப் பதிலாக ஜப்பானிய மொழியில் 'மோஷி மோஷி' என்று சொல்லும் உரிமை எனக்கும் பெரிய கிராணிக்கும் மட்டும்தான் இருந்தது. ஊரே மரவள்ளிக்கிழங்கைத் தின்று காய்ந்து கிடந்தபோது, அந்தப் பெட்டியின் முன்னால் நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு நின்றவன் நான். இன்று நினைத்தாலும் கூசுகிறது.

அந்தக் காலத்து மலாயாவில் ஆபீஸ் பியூனைத் 'தம்பி' என்றுதான் கூப்பிடுவார்கள். வெள்ளைக்காரன் தொடங்கி வைத்தது. அவன் ஓடிய பிறகும் அந்தப் பழக்கம் ஓடவில்லை. எங்கள் ஆபீஸ் 'தம்பி'க்கு ஐம்பத்தெட்டு வயது, தலை முழுக்க நரை. அவருடைய மகனைவிட ஒரு வயது சின்னவனான நானும் அவரைத் 'தம்பி' என்றேன், 'நீ' என்றேன். அவர் என்னை 'ஐயா' என்றார். இங்கே பெரியவர் என்று எழுதுகிறேன். அன்றைக்குக் கொடுக்காத மரியாதையைக் காகிதத்தில் கொடுப்பது சுலபமாகத்தான் இருக்கிறது. அவர் மகா சுத்தக்காரர். பேனாவோ, பைலோ, தண்ணீர்க் குவளையோ, எடுத்த பொருள் எடுத்த இடத்துக்குத் திரும்பாவிட்டால் அவருக்கு இருப்புக்கொள்ளாது. முப்பது வருடம் பியூன் வேலை பார்த்துப் பழகிய கை. அவரும் அவர் மனைவியும் பங்களாவுக்குப் பின்னால் இருந்த வேலைக்காரர் அறையில் குடியிருந்தார்கள்.

அவர்களுக்கு ஒரே மகன். கிழங்கு வாங்கி வரச் செங் என்ற பக்கத்து ஊருக்குப் போனவனைச் சடக்கிலேயே, நடுரோட்டில், மடக்கி லாரியில் ஏற்றிவிட்டார்கள். சயாமில் ரயில்பாதை போடுவதற்கு ஆள் பிடித்துக்கொண்டிருந்த சமயம் அது. அலோர் காஜாவைத் தாண்டி இருக்கும் ரயில் ஸ்டேஷன் பக்கத்தில் ஒரு கொட்டகையில் அடைத்து வைத்து, ஒரு ரயிலுக்கு ஆள் சேர்ந்ததும் அனுப்புகிறார்கள் என்று தகவல் வந்தது. பெரியவர் அரிசி லாரியில் தொற்றிக்கொண்டு பார்க்கப் போனார். துப்பாக்கிக் கட்டையால் விலாவில் ஒரு குத்து வாங்கிக்கொண்டு திரும்பினார். அந்த ஸ்டேஷனில் அவருடைய தங்கை மகன் வேலை பார்த்தான். அவன் லாரி டிரைவரிடம் சொல்லி அனுப்பினான்: ரயில் கிளம்பும் நாளன்று, ஸ்டேஷன் மாஸ்டர் சாப்பிடப் போகும் மத்தியான நேரத்தில், தண்ணீர் தூக்குகிற சாக்கில் பையனை உள்ளே கூட்டி வந்து ஆபீஸுக்குப் போன் போடுகிறேன், மாமாவும் அத்தையும் இரண்டு வார்த்தை பேசிக்கொள்ளட்டும்.

மத்தியானம் நாங்கள் எல்லோரும் வீட்டுக்குச் சாப்பிடப் போய்விடுவோம். ஆபீஸில் காவலுக்கு இருப்பவர் பெரியவர் மட்டும்தான். அவர் என் மேசைக்கு முன்னால் வந்து துண்டைக் கையில் பிடித்துக்கொண்டு நின்றது நன்றாக ஞாபகம் இருக்கிறது. "ஐயா, அந்த மணி அடிச்சா எப்படி எடுத்துப் பேசுறதுன்னு எனக்குக் கொஞ்சம் சொல்லிக்குடுங்கய்யா. நீங்க இல்லாத நேரத்துலதான் அடிப்பானாம்," என்றார். அதன் மணிகளைத் தினமும் சாம்பல் போட்டுத் துலக்கியவர் அவர்தான். ஆனால் ஒரு நாளும் அந்தக் குழாயைக் காதில் வைத்ததில்லை. "தொட்டா கரண்டு அடிக்காதே?" என்று கேட்டார். நான் சிரித்தேன். அங்கே தொடங்கியது.

சொல்லிக்கொடுத்தேன். குழாயை எடு, காதில் வை, வாயைக் குவளைக்குப் பக்கத்தில் கொண்டு போ, 'மோஷி மோஷி' என்று சொல். அவர் 'மோஷி மோஷி' என்று சொல்லிக்கொண்டே இடுப்பை வளைத்துப் பெட்டிக்கு ஒரு கும்பிடு போட்டார். தெருவில் ஜப்பான்காரச் சிப்பாயைப் பார்த்தால் எல்லோரும் குனிந்தாக வேண்டிய காலம். அவன் மொழி வாயில் வந்ததும் அவருடைய முதுகு தானாக வளைந்துவிட்டது. பெரிய கிராணிக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. இனி தினமும் கொஞ்ச நேரம் பழக்கலாம், நமக்கும் பொழுது போகும் என்றார் அவர். பழகப் பழகப் பயம் போய்விடும் என்று நான் பெரியவரிடம் சொன்னேன். அந்த வார்த்தை மட்டும் உண்மை.

பண்டார் ஹிலிரில் எங்கள் அரிசிக் கிடங்கு இருந்தது. வேலையாக அங்கே போகும்போதெல்லாம் கிடங்குத் தொலைபேசியிலிருந்து ஆபீஸுக்கு அடித்தேன். பெரியவர் எடுப்பார். "பெரிய கிராணியைக் கூப்பிடு தம்பி," என்பேன். "இருங்கய்யா, கூட்டியாறேன்," என்பார். சொல்லிவிட்டு என்ன செய்தார் தெரியுமா? எடுத்த குழாயை எடுத்த இடத்தில், கொக்கியில், பதமாக மாட்டிவிட்டு, துண்டால் ஒரு துடை துடைத்துவிட்டுப் போய்க் கூப்பிட்டார். பெரிய கிராணி வந்து வெறும் பெட்டியின் முன்னால் முகத்தை உம்மென்று வைத்துக்கொண்டு நிற்பார். இந்தப் பக்கம் நான் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துவிட்டு, கைப்பிடியைச் சுற்றி மறுபடியும் அடிப்பேன். மணி அடித்ததும் பெரிய கிராணி எடுத்துப் பேசுவார். பெரியவர் பக்கத்தில் நின்று, வேலை முடிந்த திருப்தியோடு பார்த்துக்கொண்டிருப்பாராம்.

ஒரு நாள் இல்லை, நாலைந்து நாள் இப்படி நடந்தது. குழாயை மாட்டக் கூடாது, பக்கத்து மேசையில் படுக்க வைத்துவிட்டுப் போக வேண்டும் என்று நாளைக்குச் சொல்லிவிடலாம் என்று ஒவ்வொரு நாளும் நினைத்தேன். நாளைக்கு இன்னொரு தடவை சிரித்துவிட்டுச் சொல்லலாம் என்றுதான் நினைத்தேன். கெட்ட எண்ணம் இல்லை என்று அப்போது என்னிடமே சொல்லிக்கொண்டேன். ஆனால் தன் பிள்ளையின் குரலைக் கேட்பதற்காக ஒரு மனிதர் படிக்கிறார் என்று தெரிந்துகொண்டு அதை வைத்து விளையாடுவதற்கு வேறு என்ன பெயர் வைப்பது?

அவருக்கோ பயம் நன்றாகத் தெளிந்துவிட்டது. கும்பிடுகூட நின்றுபோனது. மணி அடித்தால் ஓடுவதில்லை. நடந்து போய், தொண்டையைச் செருமிக்கொண்டு, குழாயை எடுத்தார். ஒரு சாயங்காலம் பைல்களை அடுக்கிக்கொண்டே கேட்டார்: "நான் செய்யிறது சரிதானுங்களாய்யா? உள்ளதைச் சொல்லுங்க. அந்த நேரத்துல தடுமாறிறக் கூடாது." பெரிய கிராணி என்னைப் பார்த்துக் கண்ணடித்தார். "அப்படியேதான் தம்பி. ரொம்பச் சரியாச் செய்யிறே," என்றேன். அவர் சந்தோஷமாகப் பின்பக்கம் போனார். மனைவியிடம் சொல்லப் போகிறார் என்று தெரிந்தது.

அதற்கு இரண்டு நாள் கழித்து, வீட்டில் சாப்பிடப் பெரிதாக ஒன்றும் இல்லாததால், நான் மத்தியானம் சீக்கிரமே திரும்பிவிட்டேன். டோக்கியோ நேரத்துக்குத் திருப்பி வைத்த சுவர்க் கடிகாரம் ஒரு மணியைத் தாண்டியிருந்தது. வெயில் இன்னும் உச்சிக்கு ஏறவில்லை. ஆபீஸுக்குள் வெளியாள் நுழையக் கூடாது என்பது சட்டம். ஆனால் பெரியவரின் மனைவி, அந்த அம்மா, உள்ளே தொலைபேசிக்கு முன்னால் நின்றுகொண்டிருந்தார். கையில் கிழங்கு மாவு ஒட்டியிருந்தது. அவசரமாக முடிந்த கொண்டை அவிழ்ந்து தொங்கியது. பக்கத்தில் பெரியவர். அப்படி மலர்ந்த முகத்தை நான் அதற்கு முன்னாலும் பார்த்ததில்லை, பின்னாலும் பார்த்ததில்லை.

"வந்துட்டான்யா," என்றார். "'அப்பா, நாந்தான்'னான். பக்கத்துல நின்னு பேசுற மாதிரிக் கேட்டுச்சு. 'இருடா, அம்மாவைக் கூட்டியாறேன்'னு சொல்லிட்டு ஓடிப்போய் இவளை இழுத்துட்டு வந்தேன்." குழாய் கொக்கியில் தொங்கியது. கொஞ்சம்கூடக் கோணாமல் மாட்டியிருந்தார். "இப்ப அடிக்கும்யா," என்றார். "நீங்க திரும்ப அடிப்பீங்கல்ல, அது மாதிரி."

ஓடிப்போய்க் குழாயை எடுத்துக் கைப்பிடியைச் சுற்றி, அந்த ஸ்டேஷனைக் கேட்டேன். இணைப்பகத்தில் ஒரு பெண் மலாய் மொழியில் பேசினாள். அந்த லைன் ராணுவத்துக்கு மட்டும்தான், தர முடியாது என்றாள். மலாயில் கெஞ்சினேன், இங்கிலீஷில் கெஞ்சினேன், பிறகு எனக்குத் தெரிந்த அத்தனை ஜப்பானியச் சொற்களையும் கொட்டினேன். சுற்றினேன், வைத்தேன், மறுபடியும் சுற்றினேன். அவர்கள் இரண்டு பேரும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். படித்த பிள்ளை, எப்படியும் பிடித்துக் கொடுத்துவிடும் என்ற நம்பிக்கை அந்த முகங்களில் அப்படியே இருந்தது.

"லைன் அறுந்துபோச்சு," என்றேன். "சண்டைக் காலம். எங்கேயோ கம்பியை வெட்டியிருப்பாங்க."

"நான் ஏதும் தப்பாப் பண்ணிட்டேனாய்யா?" என்று கேட்டார் பெரியவர்.

"இல்லை. நீங்க சரியாத்தான் செஞ்சீங்க," என்றேன். அன்றுதான் முதல் தடவையாக அவரை 'நீங்க' என்றேன்.

அந்த அம்மா ஆபீஸ் மூடும் வரை பின்வாசல் படியில் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருந்தார். இரண்டு தடவை மணி அடித்தது. இரண்டு தடவையும் எழுந்து நின்றார். ஒன்று கிடங்கிலிருந்து, இன்னொன்று ஜப்பான் அதிகாரியிடமிருந்து. ரயில் அன்றைக்கு மூன்று மணிக்கே போய்விட்டது என்று மறுநாள் லாரி டிரைவர் சொன்னார். பையன் திரும்பி வரவே இல்லை. சண்டை முடிந்த பிறகு அந்தத் தங்கை மகன் பார்க்க வந்தான். "லைன் அறுந்ததுகூடத் தெரியாம அவன் அதைக் காதுல வச்சுக்கிட்டே நின்னான் அத்தை. எவ்வளவு சொல்லியும் வைக்கலை. 'அம்மா வர்றாங்க, இருங்க'ன்னான்," என்றான். நானும் அங்கே இருந்தேன். தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

வெள்ளைக்காரன் திரும்பி வந்தான். ஆபீஸ் அரசாங்கத்துக்கு மாறியது. பெரியவரும் நானும் அங்கேயே இருந்தோம். புதிதாக ஒரு கிராணி வேலைக்குச் சேர்ந்தார், தன்மையான மனிதர். ஒரு நாள் பெரியவர் தொலைபேசியை எடுத்துவிட்டு, யாரையோ கூப்பிடுவதற்காகக் குழாயை மாட்டப் போனபோது அவர் பதறித் தடுத்தார். "மாட்டினா பேச்சு கட்டாயிரும் பெரியவரே. இப்படிக் கீழே படுக்க வச்சிட்டுப் போங்க," என்று செய்து காட்டினார். அரை நிமிடம்தான் ஆனது. பெரியவர் மேசைமேல் கிடந்த குழாயைப் பார்த்தார். பிறகு திரும்பி என்னைப் பார்த்தார். கோபமாகப் பார்த்திருந்தால் தாங்கியிருப்பேன். தான் கேட்டதையும் நான் சொன்ன பதிலையும் ஞாபகப்படுத்திப் பார்க்கிற பார்வை அது. சாயங்காலம் எல்லோரும் போன பிறகு என்னிடம் வந்தார். "லைன்தான் அறுந்துச்சுன்னு அவ நினைச்சுக்கிட்டு இருக்கா. அப்படியே இருந்துட்டுப் போகட்டும். அவகிட்ட எதுவும் சொல்லிறாதீங்க ஐயா," என்றார். மறுநாளும் வழக்கம்போல என் மேசையைத் துடைத்து வைத்திருந்தார்.

அவர் கேட்டுக்கொண்டதால்தான் மறைத்தேன் என்று பல வருடம் எனக்கு நானே சொல்லி வந்தேன். அதெல்லாம் இல்லை. எனக்கு அது வசதியாக இருந்தது. இப்போது எனக்கு எழுபத்தெட்டு வயது. புக்கிட் காதிலில் மகள் வீட்டில் இருக்கிறேன். பேத்தி ஒரு கைத்தொலைபேசி வாங்கிக் கொடுத்து, அதைப் பழக்கிக்கொண்டிருக்கிறாள். ஒவ்வொரு பொத்தானுக்கும் "சரியா?" என்று கேட்கிறேன். அவள் பொறுமை இல்லாதவள். "தப்பு தாத்தா, அதை அமுக்குனா கட்டாயிரும்," என்று பட்டென்று சொல்லிவிடுகிறாள். வயசான மனுஷனிடம் அப்படியா பேசுவது என்று என் மகள் அவளைக் கடிந்துகொண்டாள். நான் மகளைத்தான் அதட்டினேன். ஏன் இவ்வளவு கோபம் என்று இரண்டு பேருக்கும் புரியவில்லை.

பெரியவர் போன பிறகும் அந்த அம்மா வெகுகாலம் காஜா பெராங்கிலேயே இருந்தார். கோயிலில் என்னைப் பார்த்துவிட்டால் போதும், கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து என் வலக்கையைப் பிடித்துக்கொள்வார். பக்கத்தில் இருப்பவர்களிடம், "இந்த ஐயாதான் என் புள்ளையோட பேச வைக்கணும்னு அன்னைக்கு அந்தப் பாடு பட்டவரு. கை சிவக்கச் சிவக்கச் சுத்துனாரு," என்பார். சாகும் வரை சொன்னார். ஒரு தடவைகூட நான் கையை விடுவித்துக்கொள்ளவில்லை.