அண்டாவின் அடியில் ஒரு பெயர்

மகாளய அமாவாசைக்குத் திருப்பதி கபில தீர்த்தக் கரையில் உட்காரும்போதெல்லாம் நைனா, எங்கள் அப்பா, ஒரே இடத்தில் மாட்டிக்கொள்வார். தர்ப்பணம் செய்துவைக்கும் பந்துலு மூன்று தலைமுறைப் பெயர்களைக் கேட்பார். ஆண்கள் பெயரெல்லாம் தடையில்லாமல் வரும். நைனாவுடைய தாத்தாவைப் பெற்றவள் பெயர் மட்டும் வராது. "பேரு செப்பண்டி" என்று, பெயரைச் சொல்லச் சொல்லி பந்துலு அவசரப்படுத்துவார். எள்ளும் தண்ணீரும் பெயரில்லாமலே விழும். வீடு வந்து சேரும்வரை நைனா வாய்க்குள் ஒவ்வொரு பெயராகச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வருவார்.

இதைத் தீர்த்துவைக்கக் கிளம்பினார் சித்தப்பா. ரேணிகுண்டாவில் ஒரு கம்பெனியில் வேலை. துப்பறிவதில் தன்னை மிஞ்ச ஆளில்லை என்ற நினைப்பு. லீவு போட்டுவிட்டு சித்தூர் பத்திர ஆபீசுக்குப் போய்ப் பழைய நிலப் பத்திரங்களைப் புரட்டினார். எல்லாம் ஆண்கள். அவர் சார்ட்டில் வரைந்த வம்சாவளியில் அந்த ஒரு கட்டம் காலியாகவே கிடந்தது. கடைசியில் எங்கள் வீட்டுப் பரணிலேயே விடை கிடைத்துவிட்டது. பழைய பித்தளை அண்டாவின் விளிம்பில், புள்ளி புள்ளியாக, 'நாகம்மா' என்று வெட்டியிருந்தது. தெருவுக்கே கேட்கும்படி கூவினார். அந்த வருடம் நைனா கரையே அதிர 'நாகம்மா' என்றார். தண்ணீரும் கொஞ்சம் தாராளமாகவே விட்டார்.

அந்தப் பெருமையோடு புத்தலப்பட்டில் வாழ்க்கைப்பட்டிருந்த நைனாவின் அக்கா வீட்டுக்குப் போனோம். கதையைக் கேட்ட அத்தை வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தாள்.

"நம்ம வூட்டு அண்டாவுல நம்ம பேரா இருக்கும்? சீர் குட்த்தவங்க பேருடா அது. எவளோ நாகம்மா, ஒரு அண்டாவக் குட்த்துட்டு நோகாம தண்ணி வாங்கிக்கினு போயிருக்கா!"

நைனாவின் முகம் செத்துப்போயிற்று. அதைப் பார்த்ததும் அத்தையின் சிரிப்பு நின்றது.

"நம்ம வூட்டு பேரு வேணும்னா, நம்ம பொண்ணுங்க வாழப்போன வூட்டுல இல்ல தேடணும்?"

அத்தைக்கு வெகுகாலம் முன்பே, நாங்கள் தேடுகிறவளின் மகளும் அதே வீட்டில்தான் வாழ்க்கைப்பட்டிருந்தாள். அவள் சீராகக் கொண்டுவந்த அண்டாவை அத்தை கொல்லையிலிருந்து உருட்டி வந்தாள். விளிம்பில் இருந்தது அவள் தகப்பன் பெயர். எங்களுக்குத் தெரிந்த பெயர்தான். நைனா பெருமூச்சு விட்டார்.

அத்தை விடவில்லை. அண்டாவைக் கவிழ்த்துப் போட்டாள். வெந்நீர் காய்ச்சிக் காய்ச்சி அடியெல்லாம் ஒரே கரி. புளியும் சாம்பலும் போட்டுத் தேய்த்தாள். முதலில் ஒரு புள்ளி தெரிந்தது. பிறகு வரிசையாகப் புள்ளிகள்.

சென்னம்மா.

சித்தூர் ஆபீசில் எங்கேயும் இல்லாத ஒருத்தி, மகள் வீட்டு அடுப்பின்மேல், கரிக்கு அடியில், இத்தனை காலமும் இருந்திருக்கிறாள்!

"மவளுக்காவது தெரியட்டும்னு பெத்தவ வெட்டச் சொல்லியிருப்பா" என்றாள் அத்தை. நைனா அந்த எழுத்துகளைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

அடுத்த மகாளய அமாவாசைக்குக் கரையில் நைனா 'சென்னம்மா' என்று மெதுவாகச் சொன்னார். படியில் என்னோடு நின்றிருந்த அம்மா என் காதருகே குனிந்தாள்.

"ஏண்டி, என் பேரு இன்னா, சொல்லு பாக்கலாம்?"

சொன்னேன்.

"இன்னொரு வாட்டி சொல்லு."

தெரிந்த பெயரை எதற்கு இத்தனை தரம் கேட்கிறாள் என்று எரிச்சலாக வந்தது. அவசரமாகச் சொல்லிவிட்டு, அவள் கையை உதறிக்கொண்டு தீர்த்தத்தில் விழும் அருவியைப் பார்க்க ஓடினேன்.