வளைகாப்புக்கு வராத அப்பா

என் வீட்டுக்காரருக்கு எதிலும் ஊரில் இல்லாததுதான் வேண்டும். நோயும் அப்படியே வந்தது. கணையத்தில் வருகிற புற்றுநோயிலேயே இது அரிய வகை, மெதுவாகத்தான் வளரும் என்றார் டாக்டர். அறுத்து எடுத்தார்கள். நன்றாகத்தான் இருந்தார், காலையில் வண்டியூர் தெப்பக்குளத்தைச் சுற்றி என்னைவிட வேகமாக நடந்தார். பிறகு ஒரு ஸ்கேனில், ஈரலில் புள்ளி புள்ளியாகத் திரும்ப வந்திருந்தது.

இந்தத் தடவை கத்தி இல்லை. கதிர்வீச்சுள்ள மருந்தை நரம்பில் ஏற்றுவார்கள். வீட்டுக்கு வந்த பிறகும் கொஞ்ச நாளைக்கு உடம்பிலிருந்து கதிர் வரும், கர்ப்பிணிகள் பக்கத்தில் வரக்கூடாது என்றார்கள். இவர் முகம் விழுந்துவிட்டது. கொட்டாம்பட்டியில் வாழ்க்கைப்பட்ட எங்கள் ஒரே மகளுக்கு அப்போதுதான் வளைகாப்புக்கு நாள் குறித்திருந்தோம்.

"பிள்ள பெறக்கட்டும், அப்பறம் பாப்போம்" என்றார். தள்ளிப்போட்டால் ஈரல் தாங்காது என்று டாக்டர் சொன்னது காதில் ஏறவில்லை. நானும் அழுதேன், சண்டை போட்டேன், சாப்பிடாமல் கிடந்தேன். கல்லில் நார் உரித்த கதைதான்.

கடைசியில் மகளே போன் போட்டாள். "அப்பா, வளையல் போட ஊர்ப் பொம்பளைக அம்புட்டுப் பேரும் வருவாக. எம்பிள்ளைக்குத் தாய்மாமன் இல்லையே, காது குத்தயில யாரு மடியில ஒக்கார வப்பேன்? ஒங்க மடிதான்ப்பா. அதுக்கு நீங்க இருக்கணும்."

போனை என்னிடம் கொடுத்தார். மறுநாள் ஆஸ்பத்திரிக்குக் கிளம்பினார்.

திரும்பி வந்ததும் மாடி அறை, தனித் தட்டு, தனி டம்ளர். சோற்றை வாசலில் வைத்துவிட்டுத் தள்ளி நிற்பேன். "மாசாமாசம் எங்கள ஒதுக்கி வச்சீகள்ல, இப்ப அனுபவிங்க" என்றேன். சிரித்தார். அந்தச் சிரிப்புக்காக எத்தனை தரம் வேண்டுமானாலும் படியேறலாம் என்றிருந்தது.

வளைகாப்பை அவர் இல்லாமலே நடத்தினோம். வழக்கப்படி மகளை எங்கள் வீட்டுக்கு அழைத்துவர முடியவில்லை. தூரத்தில் நின்று பார்த்தால் பாதகமில்லை என்று டாக்டரிடம் கேட்டுக்கொண்டு, மறுநாள் சாயங்காலம் மாப்பிள்ளை அவளைக் காரில் கூட்டிவந்து தெருவிலேயே இறக்கினார். அவள் அண்ணாந்து, இரண்டு கையையும் தூக்கிக் குலுக்கினாள். முழங்கை வரை வளையல்.

"சாப்ட்டியாத்தா?" என்று மாடியிலிருந்து கத்தினார்.

ஆசையில் அவள் வாசல் கேட் பக்கம் இரண்டடி வந்தாள். உடனே இவர் பின்னால் நகர்ந்தார். தெருவுக்கும் மாடிக்கும் எவ்வளவு தூரம்! இருந்தும் நகர்ந்து நகர்ந்து, அறைச் சுவரோடு முதுகை ஒட்டிக்கொண்டு நின்றார். அங்கிருந்து அவளைப் பார்க்கவே முடியாது. வளையல் சத்தம் மட்டும்தான் கேட்டிருக்கும்.