மேடு வைத்த சங்கிலி

அண்ணன் மரம் அறுப்பான். அவன் மிஷினில் சுற்றும் பல் வைத்த சங்கிலியை மாட்டிக் கூர் போடுவது நான். எட்டாவதோடு படிப்பை விட்டு வீட்டில் இருந்த எனக்கு அதுதான் வேலை.

எங்களிடம் மூன்று சங்கிலிகள் இருந்தன. பல்லின் மூலை சதுரமாக இருப்பது சரசரவென்று அறுக்கும். சுத்தமான பச்சை மரத்துக்கு அது. ஆற்றோர மரம் என்றால் பட்டையெல்லாம் மணல், அந்தப் பல் சீக்கிரம் மழுங்கிவிடும். அதற்கு மூலை உருண்ட பல்தான் தாங்கும். மூன்றாவதில் பல்லுக்குப் பல் நடுவே சின்ன மேடு இருக்கும். மெதுவாகத்தான் அறுக்கும். ஆனால் கிளைகளுக்குள் நுழைக்கும்போது நுனி எதிலாவது பட்டால், மிஷின் அவ்வளவு சுலபத்தில் ஆள் மேல் எகிறாது.

சங்கிலியை யார் மாற்றினாலும் மிஷினைப் பிடிக்கிறவரிடம் வாயால் சொல்லிவிட்டுத்தான் கொடுக்க வேண்டும். அது எங்கள் வழக்கம்.

அன்றைக்கு ஸ்ரீரங்கத்தில் ஒரு வீட்டில் காற்றுக்குச் சாய்ந்த வேம்பு. கிளை நெருக்கம் என்று அண்ணன் சொன்னதால் மேடு வைத்ததை மாட்டிக் கொடுத்தேன். மற்ற இரண்டும் பையில் போயின. மத்தியானம் மிஷின் எகிறி அவன் கழுத்தில் ஏறிவிட்டது.

கூட வேலை பார்த்த கூட்டாளிதான் காட்டூரில் எங்கள் வீட்டுக்கு வந்து சொன்னார். "நுனியால தொடாதடான்னு சொன்னேம்மா. கேக்கல." அன்றிலிருந்து அம்மா அழும்போதெல்லாம் செத்தவனைத்தான் திட்டினார். "அவசரக்குடுக்க. அப்படி என்னடா அவசரம் உனக்கு?" எனக்கும் அவன் மேல்தான் கோபம்.

ஒரு மாதம் கழித்துக் கூட்டாளி மிஷினோடு வந்தார். கழுவித்தான் கொண்டுவந்திருந்தார்.

"மண்ணச்சநல்லூர்ல ஒரு வேலை இருக்கு பாப்பா. கூர் போட்டுக் குடு."

மூடியைக் கழற்றினேன். மேடு இல்லை. சதுர மூலைப் பல்.

"இத எப்பண்ணே மாட்டுனீங்க?"

"அன்னைக்கப்புறம் கழுவுனதோட சரி, நான் மிஷினத் தொடவே இல்லையே" என்றார். சொன்ன பிறகுதான் என் முகத்தைப் பார்த்தார்.

"மாத்துனத அண்ணன்கிட்ட சொன்னீங்களா?"

"அவன் சாப்பிடப் போயிருந்தான். வீட்டுக்காரர் சீக்கிரம் முடிங்கன்னு நச்சரிச்சாரு. அந்தச் சங்கிலி ஆமை மாதிரி ஊருது. வந்ததும் சொல்லலாம்னு இருந்தேன், வந்தவன் நேரா எடுத்துட்டான்."

"நுனியால தொடாதன்னு சொன்னேன்னீங்களே, அதையாவது சொன்னீங்களா?"

அவர் கீழே பார்த்தார். அந்த நேரம் அம்மா டீயோடு வந்தார்.

"சாப்டுட்டுப் போப்பா. நீ ஒருத்தன்தான் இன்னும் இந்த வீட்டுக்கு வர்ற."

"நீங்களே சொல்லுங்கண்ணே" என்றேன்.

அவர் டம்ளரை இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டார். "ஒண்ணுமில்லம்மா. சங்கிலி தேஞ்சுபோச்சுங்குது பாப்பா."

"பாத்துப் பிடிப்பா. அவன மாதிரி அவசரப்படாத."

"சரிம்மா" என்றார். அண்ணன் தட்டில் எத்தனையோ நாள் கைபோட்டுச் சாப்பிட்டவர்.

நான் சங்கிலியைக் கழற்றி அம்மாவின் கையைப் பிடித்து அதன் மேல் வைத்தேன்.

"இங்க ஒரு மேடு இருக்கணும்மா. நான் அதத்தான் மாட்டிக் குடுத்தேன். அண்ணன் சாப்பிடப் போனப்ப இவரு மாத்திட்டாரு. அவன்கிட்ட சொல்லல."

கூட்டாளி டீயைக் குடிக்காமல் வைத்துவிட்டுச் செருப்பைத் தேடினார். அம்மா அவரைப் பார்க்கவே இல்லை. பல் பல்லாகத் தடவிக்கொண்டே என்னிடம் கேட்டார்:

"அப்ப எம்புள்ள அவசரப்படலையா?"