புகையில்லாத குழி

மாணிக்கக் குழி வைத்திருக்கிற பலீல் முதலாளி, தோட்டத்து லயத்து வீடுகள் பக்கம் வந்தது அது இரண்டாவது தடவை. முதல் தடவை வந்தது தொண்ணூற்று மூன்றில், பெரியாயியின் புருஷன் மாடசாமியை அடக்கம் பண்ணின மறுநாள். அன்றைக்கு இஸ்தோப்புத் திண்ணையில் தலையைக் குனிந்துகொண்டு உட்கார்ந்துவிட்டு, தேத்தண்ணியும் குடிக்காமல் எழுந்து போனார். இப்போது பதினோரு வருஷம் கழித்து முகத்தில் கொஞ்சம் வெளிச்சத்தோடு வந்திருந்தார்.

"தங்கச்சி, இனிமே நம்ம குழியில புகையே இல்ல" என்றார்.

பெரியாயி கொழுந்துக் கூடையை இறக்கி வைத்துவிட்டு அவரையே பார்த்தாள்.

பூனாகலைத் தோட்டத்துக்குக் கீழே, பஸ் போகாத பள்ளத்தில், ஓடைக்கரை ஓரமாக இருந்தது அந்த மாணிக்கக் குழி. கரண்டு கம்பி அந்தப் பக்கம் எட்டிக்கூடப் பார்த்ததில்லை. குழியைத் தோண்டத் தோண்டத் தண்ணி ஊறும். டீசல் இஞ்சின் வைத்துத்தான் இறைக்க வேண்டும். ஆழம் கூடிவிட்டால் மேலே இருந்து இழுத்தால் தண்ணி ஏறாது. அதனால் இஞ்சினையே கயிறு கட்டிப் பாதிக் குழிக்கு இறக்கி, குறுக்கே பலகை போட்டு உட்கார வைப்பார்கள். அதன் கீழே ஆட்கள் மண் வெட்டுவார்கள். புகை மேலே போக வழியில்லாமல் குழிக்குள்ளேயே தங்கும். அப்படித் தங்கின புகையில்தான் மாடசாமி போய்ச் சேர்ந்தான்.

அதற்குப் பிறகும் இஞ்சின் இறங்கிக்கொண்டுதான் இருந்தது. பெரியாயி யாரோடும் சண்டைக்குப் போகவில்லை. கொழுந்து எடுத்து மகன் ஜீவனை வளர்த்தாள். அவனிடம் கேட்டது ஒன்றே ஒன்றுதான். "இஞ்சின் இறங்குற குழியில நீ இறங்கக் கூடாதுய்யா. வேற எதுவும் நான் கேக்கல." அவனும் மாரியம்மன் மேல் கற்பூரம் அடித்துச் சத்தியம் செய்திருந்தான். தோட்டத்தில் வேலை நாள் குறைந்து, அவன் வயதுப் பையன்கள் குழிக்கும் கொழும்புக் கடைகளுக்கும் போனபோதும் அந்தச் சத்தியம் அவனைக் கட்டி வைத்திருந்தது.

இப்போது முதலாளி அந்தக் கட்டை அவிழ்க்க வந்திருந்தார். குழிப் பக்கம் ஆட்கள் தங்குகிற வாடிக் கூரையில் சோலர் தட்டுகள் போட்டாயிற்றாம். வெயிலில் பெட்டரி ஏறுமாம். தண்ணிக்குள் மூழ்கிக் கிடக்கிற சின்ன மோட்டர் ஒன்று சத்தமில்லாமல் இறைக்குமாம். மழை மூடின நாளைக்கு மட்டும் டீசல் ஜெனரேட்டர். அதுவும் ஓடைக்கு அந்தப் பக்கம், கொட்டகையில். கரண்டு மட்டும் வயர் வழியாக வரும், புகை வராது.

"ஜீவன அனுப்புங்க. நல்ல பொடியன்."

பெரியாயி கூடைக் கயிற்றைச் சுருட்டினாள். பிறகு மெதுவாகக் கேட்டாள்.

"எங்க வீட்டாளு இருந்த காலத்துல இந்தத் தட்டு இல்லீங்களா, மொதலாளி?"

பலீல் முதலாளி நல்ல மனுஷன். பொய் சொல்லத் தெரியாதவர். "எங்கயாச்சும் இருந்திருக்கும் தங்கச்சி. நாங்க தேடல. டீசல் வெல ஏறின பொறகுதான் தேடினேன்" என்று சொல்லிவிட்டுத் தரையைப் பார்த்தார்.

ஜீவன் கதவு நிலையில் சாய்ந்து நின்றான். போகட்டுமா என்று கேட்கவில்லை. கேட்காமல் நின்றதே அவளுக்குப் போதுமாக இருந்தது. இஞ்சின் இறங்காத குழிக்கு அந்தச் சத்தியம் தடையில்லை.

"நான் ஒரு தடவ அந்தக் குழியப் பாக்கணும்" என்றாள்.

அதுதான் சிக்கல். மாணிக்கக் குழிப் பக்கம் பொம்பளைகள் போவதில்லை. போனால் கல் மறைந்துவிடும் என்பார்கள். பெரியாயியும் அதை நம்புகிறவள்தான். மாடசாமியைத் தூக்கி வந்த அன்றுகூட அவள் ரோட்டிலேயே நின்றாள், கீழே இறங்கவில்லை.

முதலாளி ஆட்களைக் கேட்டார். கயிறு இழுக்கிற மாரிசாமி, மாடசாமியோடு அந்தக் காலத்திலிருந்து வேலை செய்தவன், தலையைச் சொறிந்தான். "அக்கா வந்தா கல்லு ஓடிரும்பாங்களே, மொதலாளி."

"ஓடுறதுக்குக் கல்லு எங்கண்ணே இருக்கு? மாசக்கணக்கா சேறுதான் வருது" என்றான் சேறு அள்ளுகிறவன். எல்லாரும் சிரித்துவிட்டார்கள். அதோடு சரி என்றாகிவிட்டது.

வெள்ளிக்கிழமை தலை முழுகி, விரதம் இருந்து, கோயில் திருநீற்றை முந்தானையில் முடிந்துகொண்டு பெரியாயி பள்ளத்தில் இறங்கினாள். வாடிக் கூரையில் கறுத்த தட்டுகள் வெயிலைப் பார்த்துக் கிடந்தன. குழாயிலிருந்து தண்ணி ஓடைக்குள் கொட்டிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தைத் தவிர வேறு சத்தமே இல்லை. ஓடைக்கு அந்தப் பக்கம் ஒரு செம்பகம் கத்தியது.

ஜீவன் சிரித்துக்கொண்டே இறங்கினான். குழி வாயிலிருந்து எட்டிப் பார்த்தால் இருட்டுத்தான் தெரிந்தது.

"அம்மா, மேல இருக்கியா?"

அவன் கத்தவில்லை. பக்கத்துக் காம்பராவில் இருந்து பேசுகிற மாதிரி அவ்வளவு துலக்கமாகக் கேட்டது.

"இருக்கேன்யா."

"சில்லுனு இருக்கும்மா. இங்க இருந்து பாத்தா மாரிசாமி மாமா மூக்கு மட்டுந்தான் தெரியுது."

"ஒன் மாமனுக்கு மூக்காவது இருக்கு. மண்ண வெட்டுடா" என்றான் மாரிசாமி.

மண்வெட்டி சேற்றில் விழுகிற சத்தம் வந்தது. ஜீவன் தும்மினான். மூக்கை உறிஞ்சினான். கூடையை நகர்த்தினான். ஒவ்வொன்றும் மேலே கேட்டது. பெரியாயி குழி ஓரத்தில் அப்படியே உட்கார்ந்துவிட்டாள்.

மாடசாமி போன அன்று ரோட்டுக்கு ஏறி வந்து செய்தி சொன்னவன் இதே மாரிசாமிதான். "ஒரு சத்தங்கூடப் போடல அக்கா. தூங்கின மாதிரி போயிட்டாரு" என்று சொல்லி அழுதான். அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அவள் பிழைத்துக் கிடந்தாள். நோகாமல் எடுத்துக்கிட்டியே தாயே என்று வெள்ளிக்குவெள்ளி அம்மனுக்குக் கும்பிடு போட்டாள்.

"தம்பி" என்றாள். "இஞ்சின் ஓடுறப்போ உள்ள இருக்கவங்க பேசுனா மேல கேக்குமா?"

மாரிசாமியின் கை கயிற்றிலேயே நின்றுவிட்டது.

"கேக்காதுக்கா. பக்கத்துல நிக்கிறவன் பேசுறதே கேக்காது."

"சத்தம் போட்டாக்கூட?"

"கேக்காது."

"அப்போ அவரு கூப்புட்டாரா இல்லையானு..."

"தெரியாதுக்கா." அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "அன்னைக்கு ஒங்க கோலத்தப் பாத்துட்டு வேற என்னத்தச் சொல்லுவேன்?"

பெரியாயி அவனைத் திட்டவில்லை. அவன் தோளைத் தொட்டு, விடு என்கிற மாதிரி ஒரு தட்டுத் தட்டினாள்.

"என்ன, மேல பேச்சையே காணோம்?" கீழே இருந்து ஜீவன்.

"ஒண்ணும் இல்லய்யா. நீ வாய மூடாம வேலை செய். எதையாச்சும் பேசிக்கிட்டே இரு."

குழி ஓரத்தில் நட்டிருந்த கால் மரத்தில் திருநீற்றைப் பூசிவிட்டு எழுந்தாள். வாடி வாசலில் நின்ற பலீல் முதலாளியிடம், "வரட்டும் மொதலாளி. பத்திரமாப் பாத்துக்குங்க" என்றாள். அவர் நெஞ்சில் கை வைத்துத் தலையை ஆட்டினார்.

ஏறி வருகிற வழியில் கோயிலுக்குப் போனாள். சூடம் கொளுத்தினாள். வழக்கமாகச் சொல்கிற சொல் வாய்க்கு வரவில்லை. அம்மனும் ஒன்றும் கேட்கவில்லை. சூடம் அணைகிற வரைக்கும் சும்மா நின்றுவிட்டு வீட்டுக்கு வந்தாள்.

ஜீவன் பொழுது சாய வந்தான். குளித்துவிட்டுச் சாப்பிட உட்கார்ந்தவன், ரொம்ப நாளாக இல்லாத ஒரு நிம்மதியோடு பேசினான்.

"அந்தக் காலத்துல இஞ்சின் வச்ச பலகை எடத்த மாமா காட்டுனாரும்மா. அதுக்குக் கீழதான் அப்பா சாஞ்சிருப்பாரு. எனக்கு அந்த எடத்தப் பாக்கப் பயமாயில்ல. அப்பா நோவே தெரியாமத்தானே போனாரு?"

பெரியாயி அகப்பையைக் குழம்புச் சட்டியில் விட்டுக் கிண்டினாள். அடியில் கிழங்கு கிடந்தது. அதை எடுத்து அவன் சோற்றில் வைத்தாள்.

"ஆமாய்யா. தூங்கின மாதிரிதான். சாப்புடு."