துளை இல்லாத சில்வண்டு

பட்டறையில் அவளுக்குப் பெயர் ஊசி. ஒல்லி உடம்பு, அதைவிட ஒல்லியான பொறுமை. நகையில் கல் பதிப்பது தொழில். பதினான்கு வருடம் ஒரே நகைக்கடையின் மாடியில், சன்னலோர மேசையில் குனிந்து குனிந்து கழுத்து வளைந்ததுதான் மிச்சம். ஆனால் அவள் பதித்த கல் கழன்றுவிட்டதென்று ஒருவர்கூடத் திரும்பி வந்ததில்லை.

பிறகு வந்து சேர்ந்தது அந்த ஜேடு மீன். ஜேடு என்கிற பச்சைக் கல்லில் பழைய சீனத்துச் செதுக்கல். விரல் நீளம்கூட இல்லை, ஒவ்வொரு செதிலும் தனித்தனியாகத் தெரியும். அதைப் புதுத் தங்கப் பதக்கத்தில் பதித்துத் தரவேண்டும். பதிப்பதற்குள் கடை முதலாளியம்மா யாருக்கோ காட்டப்போகிறேன் என்று எடுத்துப்போய்க் கைநழுவ விட்டாள். இரண்டு துண்டையும் ஊசியின் மேசையில் கொண்டுவந்து வைத்தாள். மறுநாள் மீனுக்குச் சொந்தக்காரம்மா வந்து நின்றபோது, முதலாளியம்மா ஊசிதான் அழுத்தி உடைத்துவிட்டாள் என்று கூசாமல் கடை முழுக்கக் கேட்கும்படி சொன்னாள். பார்த்த சாட்சி யாருமில்லை. ஊசி அன்றே வெளியே.

அட, நாசமாய்ப் போன வாயே! ஒரே பேச்சு, கடைத்தெரு முழுக்கப் பரவிவிட்டது. கல்லை உடைத்தவள் என்று எந்தப் பட்டறையும் அவளைச் சேர்க்கவில்லை. ஒரு பழம்பொருள் கடையில் ஆறு வருடம் உடைசல் நகைகளைப் பழுதுபார்த்து வயிற்றைக் கழுவினாள். அந்த வாயே நாலு பேர் முன்னால் உண்மையைச் சொல்லவேண்டும். வேறெதுவும் அவளுக்கு வேண்டியிருக்கவில்லை.

ஏழாவது வருடம் முதலாளியம்மா ஆளனுப்பினாள். ஏலத்தில் ஒரு பழைய ஜேடு சில்வண்டு எடுத்திருக்கிறாளாம், தன் கழுத்துக்கே வேண்டுமாம், பதிக்க எவனுக்கும் துணிச்சல் இல்லையாம். பழசையெல்லாம் மறந்துவிடு என்று பெரிய மனசு வேறு பண்ணினாள்! ஊசி வண்டை வாங்கினாள். சில்லென்றிருந்தது. விளிம்பைத் தடவினாள், பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தாள். எங்கும் துளை இல்லை. பழம்பொருள் கடையில் அவள் சும்மா உட்கார்ந்திருக்கவில்லை. அந்தக் காலச் சீனத்தில் உயிரோடிருப்பவர் அணிகிற வண்டுக்கு நூல் கோக்கத் துளை போட்டார்கள். துளையில்லாதது, பிணத்தின் நாக்கில் வைக்க.

சொன்னாளா? ஏன் சொல்கிறாள்! பின்பக்கத்தை மூடாமல் விட்டால் வெளிச்சம் பாயும், கல் துலங்கும் என்றாள். முதலாளியம்மா பூரித்துப்போனாள். பதினெட்டு நாள் வேலை. நான்கே நான்கு மெல்லிய தங்கக் கொக்கிகள் வண்டைத் தாங்கி நின்றன. ஊசி வாழ்நாளில் செய்ததிலேயே அதுதான் அழகு. முதலாளியம்மா ஒரு மாதம் குளிக்கும்போதுகூட அதைக் கழற்றவில்லை. கேட்கக் கேட்க ஊசிக்குச் சோறு ருசித்தது.

கடையின் புது மாடியை ஒரு காலையில் திறந்தார்கள். வாடிக்கையாளர்கள், பட்டறைக்காரர்கள், பழம்பொருள்காரர், அந்த மீன்காரம்மா எல்லோரும் வந்திருந்தார்கள். பதக்கத்தைச் செய்தது யார் என்று கேட்டவர்களிடமெல்லாம் முதலாளியம்மா தான்தான் என்றாள். ஊசியிடம் ஒட்டிக்கொண்டிருந்த கொஞ்சநஞ்ச இரக்கமும் அத்தோடு போயிற்று. நேரே முன்னால் வந்து நின்றாள்.

"பதிச்சது நான்மா. பின்னாடி திருப்பிப் பாருங்க, துளை இருக்கா? இது கழுத்துல போடுறதில்ல. செத்தவங்க நாக்குல வெக்கிறது."

பழம்பொருள்காரர் கிட்டே வந்து பார்த்து, உண்மைதான் என்று தலையாட்டினார். முதலாளியம்மாவின் முகம் செத்துவிட்டது. சங்கிலியோடு பிய்த்து வீசினாள். பளிங்குத் தரையில் பட்டு வண்டு இரண்டாயிற்று.

ஊசி குனிந்து துண்டுகளைப் பொறுக்கி, முதலாளியம்மாவின் உள்ளங்கையிலேயே வைத்தாள்.

"இதையும் நான்தான் உடைச்சேன்னு சொல்லுங்கம்மா."

மீன்காரம்மா அந்த இரண்டு துண்டுகளைப் பார்த்தபடி, அப்படியானால் என் மீன் என்று கேட்டாள். முதலாளியம்மா தரையைப் பார்த்தாள். உதடு மட்டும் அசைந்தது.

"அதுவும்... என் கையிலேர்ந்துதான் விழுந்துச்சு."

"சத்தமாச் சொல்லுங்கம்மா," என்றாள் ஊசி. "அன்னிக்குச் சத்தமாத்தானே சொன்னீங்க."