மூன்றாவது கதவு

எங்கள் வகுப்பில் பதினெட்டுப் பெண்பிள்ளைகள். பெற்றோர் தின நாடகத்தில் மற்றப் பதினேழு பேருக்கும் பண்ணையாரின் மகளாக வரத்தான் ஆசை. அவளுக்குப் பூப்போட்ட நீளச் சட்டையும் விசிறியும் இருந்தன. எனக்கும் அதே ஆசைதான். ஆனால் என்னை யாரும் கேட்கவில்லை. ஊர் ஒதுக்கிவைத்த பெண்ணின் வேடம் என் தலையில் விழுந்தது. சாக்குத் துணியும் சாம்பல் பூசிய தலையுமாக அவள் வரவேண்டும்.

வல்வெட்டித்துறைக்குப் பக்கத்து மிஷன் பள்ளிக்கூடம் அது. மேல்வகுப்பில் பாடமாயிருந்த பழைய ஆங்கில நாவல் ஒன்றை எங்கள் ரீச்சர் தமிழில் நாடகமாக்கியிருந்தார். கதையில் ஒரே ஊரில் மூன்று பேர் ஒதுக்கப்பட்டவர்கள். நான் ஒருத்தி, பிரேதக்குழி வெட்டும் நொண்டி ஒருவன், மறியலில் தண்டனை முடித்து வந்த கிழவன் ஒருவன். மூன்று பேரும் தனித்தனியே அழுவார்கள்.

"ஏன் ரீச்சர், இந்த மூண்டு பேரும் தங்களுக்குள்ளை சிநேகிதம் பிடிச்சால் என்ன?" என்று கேட்டேன்.

"அதை எழுதினவரிட்டைத்தான் கேக்கவேணும். அவர் செத்து எவ்வளவோ காலம். நீ வசனத்தைப் பாடமாக்கு" என்றார் ரீச்சர்.

எனக்கு ஒரு சின்னம்மா இருந்தார், அம்மாவின் ஒரே தங்கச்சி. நாங்கள் சைவக்காரர்; சின்னம்மா ஏழு வருடத்துக்கு முன் எங்கள் பள்ளிக்கூடத்து வாத்தியார் ஒருவரைக் காதலித்து, கிறிஸ்தவ வேதத்துக்கு மாறிக் கலியாணம் செய்தவர். அன்றோடு அவர் வீட்டுக்கு ஒருத்தரும் போகக்கூடாது, அவரோடு கதைக்கக்கூடாது என்று பெரியமாமா சொல்லிவிட்டார். பெரியமாமா அம்மாவின் அண்ணை, இரண்டு வள்ளத்துக்குச் சொந்தக்காரர். அவர் சொன்னதற்கு எங்கள் ஒழுங்கையில் எந்த வீட்டிலும் மறுபேச்சுக் கிடையாது. தெருவில் சின்னம்மா என்னைக் கண்டு சிரிப்பார். நான் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நடப்பேன். அப்படித்தான் என்னைப் பழக்கியிருந்தார்கள். அதே நான், சாக்கைக் கட்டிக்கொண்டு, ஒதுக்கப்பட்டவளின் துயரத்தை இரண்டு கிழமை ஒத்திகை பார்த்தேன்.

நாடகம் பின்னேரம் நான்கு மணிக்கு. முன்வரிசையில் பெரியமாமா சால்வையோடு இருந்தார். இரண்டாம் வரிசை வாங்கில் அம்மா. மண்டபத்தின் கடைசியில், வாசற்கதவோடு ஒட்டி, சின்னம்மா தனியே நின்றாராம். எனக்கு அது தெரியாது. மேற்கு யன்னல் வெயில் நேரே கண்ணில் குத்தியது. மேடைக்கு அப்பால் எல்லாம் வெறும் வெளிச்சம்.

கடைசிக் காட்சியில் பனி கொட்டவேண்டும். மேலேயிருந்து இலவம்பஞ்சை உதறினார்கள். நான் மட்டையில் செய்த மூன்று கதவுகளைத் தட்டவேண்டும். முதலாவது கதவு, "போ வெளியிலை!" இரண்டாவதும் அப்படியே. மூன்றாவது கதவடியில் முழங்காலில் விழுந்து, "என்னைக் கூப்பிட இந்த ஊரிலை ஒருத்தரும் இல்லையோ?" என்று கேட்டேன். பஞ்சு மூக்குக்குள் போய் உண்மையாகவே கண்ணீர் வந்துவிட்டது. இனி நான் எழுந்து பனிக்குள் போய் மறைய, திரை விழவேண்டும்.

அப்போதுதான் அந்தக் குரல் கேட்டது.

"ஏன் இல்லை? நான் இருக்கிறன். வா தங்கச்சி, வீட்டை போவம்!"

அம்மாவின் குரல். உரத்துக் கதைத்தே அறியாத அம்மா.

"இரடி கீழை!" என்று பெரியமாமா உறுமினார். "ஏழு வருசம் இருந்திட்டன், அண்ணை. இனிக் காணும்" என்றார் அம்மா. மூன்றாவது கதவுக்குப் பின்னால் நின்ற என் சிநேகிதி, என்ன செய்வதென்று தெரியாமல் கதவைத் திறந்துவிட்டாள். நானும் வேறு வழியில்லாமல் உள்ளே போய்விட்டேன். அவ்வளவுதான், கைதட்டலில் ஓட்டுக்கூரை அதிர்ந்தது. பெண்கள் மூக்கைச் சிந்தினார்கள். குழிவெட்டியும் மறியற்காரக் கிழவனும் திறந்த கதவைக் கண்டுவிட்டுத் தாங்களும் என் பின்னால் ஓடி வந்தார்கள். ரீச்சர் தலையில் கைவைத்துக்கொண்டு சிரித்தார். சிறந்த நடிப்புக்கு எனக்கு ஒரு கொம்பாஸ் பெட்டி கிடைத்தது.

வீட்டுக்குப் போகும்போது அம்மா சின்னம்மாவின் கையைப் பிடித்தபடி கடற்கரை வீதியால் நடந்தார். கிழிந்த வலை பொத்திக்கொண்டிருந்தவர்கள் நிமிர்ந்து பார்த்தார்கள். குறுக்குப்பாதை இருக்க, அம்மா வேண்டுமென்றே பெரியமாமா வீட்டு வாசலால் போனார். எங்களுக்கு முன்னமே வந்து, அவர் படலையில் நின்றார்.

"நாளைக்கு மத்தியானம் சாப்பிட வாங்கோ அண்ணை. இவளும் நிற்பாள்."

பெரியமாமா படலையைச் சாத்திக்கொண்டு உள்ளே போனார். ஆனால் மறுநாள் வந்தார். தலை நிமிராமல் சாப்பிட்டார். பிறகு இரண்டாம்தரம் குழம்பு கேட்டார். சின்னம்மாதான் ஊற்றினார்.

இவ்வளவையும் என் நடிப்பே சாதித்தது என்று நான் நம்பினேன். அது நாடகம் என்பதையே அம்மாவை மறக்கச் செய்துவிட்டேன் என்று வகுப்பு முழுக்கச் சொல்லித் திரிந்தேன். "இருந்திட்டன்" என்று அம்மா சொன்ன ஏழு வருடத்தை நான் எண்ணிப் பார்க்கவில்லை. கதவைத் திறந்த சிநேகிதி வளர்ந்தபின் ஒருநாள், மட்டைக்கதவின் இடுக்கால் தான் கண்டதைச் சொன்னாள்: அந்த நேரம் அம்மா மேடையைப் பார்க்கவேயில்லையாம், எங்களுக்கு முதுகைக் காட்டி, கடைசி வாசலைப் பார்த்தே கையை நீட்டினாராம். அம்மா என்னை ஒருநாளும் தங்கச்சி என்று கூப்பிட்டதில்லை. நான் அவருக்கு எப்போதும் "பிள்ளை"தான்.